பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பது

கேள்வியின் சுருக்கம்: எனக்கு வயது 42, கணக்குப் பிரிவில் வேலை. காலையில் எழும்போதே தாடை வலிக்கிறது, தோள்பட்டை கல் மாதிரி இருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறாள். பல் டாக்டர் "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொரு பிரச்சினை, யாருக்கு எது செய்தாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பிக்கு 60,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். கேட்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. நான் கஞ்சன் இல்லை, ஆனால் எதையும் மனசார விட வரவில்லை. தியானம் செய்து பார்த்தேன், படபடப்புதான் கூடியது. இறுக்கம் இல்லாமல், கையும் மனசும் திறந்து வாழ ஏதாவது வழி உண்டா?

பதில்:

உடம்பைப் பற்றி ஒரு பத்தி, பணத்தைப் பற்றி ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே பழக்கமாகத் தெரிகிறது. எதுவும் நழுவிப் போய்விடக் கூடாது என்று நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கிற பழக்கம். தாடையும் தோளும் அதைத் தசையால் செய்கின்றன, உங்கள் கணக்குப் புத்தி எண்ணால் செய்கிறது. தாராளம் வரவில்லையே என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தசையில்தான் தொடங்குவேன். எங்கே பிடித்திருக்கிறோம் என்பதை அங்கேதான் விரலால் தொட்டுப் பார்க்க முடியும்.

இதைப் படிக்கும்போதே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஓய்வாக இருக்கிற வாயில் உதடு மூடியிருக்கும், பல் ஒட்டாது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பல்லோடு பல் தொடுவதற்கு அவசியமே இல்லை. தாடை எலும்பு வளைகிற இடத்தில், கன்னத்தின் பின்பக்கம், இரண்டு விரலை வைத்துக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை உருண்டு எழும். காலையில் வலிப்பது அதுதான். எக்செல் ஷீட்டைப் பார்த்தபடி மணிக்கணக்கில் லேசாகக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குத் தாங்கள் கடிப்பதே தெரியாது. பழகிப்போன இறுக்கம் இறுக்கமாகத் தெரியாது, அதுதான் சாதாரண நிலை என்று உடம்பு எடுத்துக்கொண்டுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். பல் கடிப்பது எல்லாமே மனசு சமாச்சாரம் இல்லை. பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளால்கூடப் பல் கடிப்பு வரும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபியைக் குறையுங்கள். பல் தேய்ந்திருந்தால் இரவில் போட்டுக்கொள்ளும் உறை செய்து தருவார்கள். அது கடிப்பதை நிறுத்தாது, பல்லைக் காப்பாற்றும்.

சரி, "டென்ஷனைக் குறைங்க." அந்தப் பல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இப்படிச் சொல்வதால் யாருக்கும் எதுவும் குறைந்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே பத்து வேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் பதினொன்றாவதாக ஒரு வேலையைக் கொடுப்பதுதான் அது. அவர் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்.

சிகாகோவில் இருந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 1929-இல் அவர் தன் முறையை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். சோபாவில் படுத்து "நான் தளர்வாகத்தான் இருக்கிறேன்" என்று சத்தியம் செய்கிற நோயாளியின் தசையில்கூட மிச்ச இறுக்கம் ஒன்று தங்கியிருக்கிறது என்று அவர் கண்டார். அதைத் தசையில் ஓடும் மின்சாரத்தை அளந்து காட்டினார். வலது கையை மடக்குவதாகக் கற்பனை மட்டும் செய்யச் சொன்னால், கை அசையாவிட்டாலும் அந்தக் கைத் தசையில் சின்னதாக மின்னசைவு தெரிந்தது. மனசுக்குள் பேசச் சொன்னால் நாக்கிலும் உதட்டிலும் தெரிந்தது. உங்களுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். தம்பியோடு மனசுக்குள் நீங்கள் நடத்துகிற வாக்குவாதம் மனசோடு நிற்பதில்லை, வாயும் கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஜேக்கப்சன் "தளர்த்து" என்று கட்டளை போடவில்லை. முதலில் இறுக்கிப் பார், அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள், பிறகு இறுக்குவதை நிறுத்து என்றார். செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையைத் தொடை மேல் வையுங்கள். மணிக்கட்டை மட்டும் மெதுவாகப் பின்னால் வளையுங்கள், விரல்கள் கூரையைப் பார்க்கட்டும். முழு பலம் வேண்டாம், கால்வாசி போதும். முன்கையின் மேல்பக்கம் மங்கலாக ஒரு பிடிப்பு தெரியும். மணிக்கட்டில் மூட்டு இழுபடுவது வேறு, அதைக் கண்டுகொள்ள வேண்டாம். முன்கையில் தெரிகிற அந்த மங்கலான பிடிப்புதான் நாம் தேடுவது. பத்து எண்ணும்வரை அதோடு இருந்துவிட்டுக் கையை விடுங்கள். இறக்கி வைக்காதீர்கள், பிடிப்பதை நிறுத்துங்கள், அது தானாக விழட்டும். விழுந்தபிறகு ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். பிடிப்பு ஒரே நொடியில் போகாது, வடிந்துகொண்டே இருக்கும். அந்த வடிதலைப் பார்ப்பதுதான் பயிற்சி. இரண்டாவது முறை பாதி பலத்தில், மூன்றாவது முறை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவில். கை பழகியபிறகு தோள், தோள் பழகியபிறகு தாடை. ஆரம்பத்திலேயே தாடைக்குப் போனால் பிடிபடாது.

ஜேக்கப்சன் காலத்தில் இதை மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். 1950-களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் சில வாரங்களில் கற்கிற அளவுக்கு இதைச் சுருக்கினார். இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தின் வழிவந்ததுதான். எனக்கென்னவோ பழைய, நிதானமான பதிப்பின் மேல்தான் பிரியம். சுருக்கிய பதிப்பில் எல்லாரும் முஷ்டியை முழு பலத்தோடு இறுக்குவார்கள். அவ்வளவு பெரிய இறுக்கத்தை யார் வேண்டுமானாலும் உணரலாம். தினம் நம்மைத் தின்பது நுண்ணிய இறுக்கம். அதை உணரப் பழகியவனுக்கு ஆபீசில் மானேஜர் பேரைக் கேட்டதும் தோள் அரை அங்குலம் ஏறுவது தெரியும். தெரிந்தால் இறங்கும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை போதும். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். எல்லார் உடம்பிலும் நடப்பது இது, மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பின் வேலை. ஆகவே "ஆழமா மூச்சை இழுங்க" என்று சொல்வதைக் கேட்டு நெஞ்சை விரிக்காதீர்கள். வெளியே விடுவதை நீட்டுங்கள், உள்ளே வருவது தன்னால் வரும்.

தியானத்தில் படபடப்பு வந்தது உங்கள் குறை இல்லை. இது நிறையப் பேருக்கு நடக்கிறது. வருடக்கணக்கில் உஷாராகவே இருந்து பழகிய உடம்புக்கு, கண்ணை மூடித் தளர்வதே ஆபத்து வருகிற நேரம் மாதிரித் தோன்றும், காவல்காரனைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்பியது போல. கண்ணைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். உட்காராமல் நடந்துகொண்டு செய்யுங்கள். நெஞ்சையும் மூச்சையும் கவனிக்காமல் உள்ளங்கையையும் பாதத்தையும் கவனியுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதிலும் பயம் ஏறினால் நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரோடு சேர்ந்து செய்யுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

உள்ளே ஓடுகிற கணக்கை நிறுத்த நீங்கள் முயன்றிருப்பீர்கள். நிற்காது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லி ஒரு சோதனை செய்தார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்தபிறகோ, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது. "60,000-ஐ மறந்துவிடு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். ஆகவே கணக்கு ஓடட்டும். அது எந்த இடத்தில் ஓட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று பிரித்துக்கொள்வோம்.

நம் ஊரில் கணக்கோடு கொடுப்பதற்கு வெளிப்படையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கமும், தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும். பந்தலில் கறிச்சோறு ஒருபக்கம், மேஜை போட்டு மொய் எழுதுவது ஒருபக்கம். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் ஏறும். அவர் வீட்டு விருந்து வரும்போது அதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாத சீட்டு மாதிரி அந்தப் பணத்தில் எத்தனையோ பேர் கிணறு வெட்டினார்கள், கடை வைத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபிறகு, திருப்பிச் செய்ய முடியாமல் பலர் திண்டாடியதும் உண்மை. மொய்யைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அது நேர்மையான ஏற்பாடு. கணக்கு நோட்டில் இருக்கிறது, இருவருக்கும் தெரியும், யாரும் அதைத் தானம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

திருக்குறளும் இந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் "குறியெதிர்ப்பை நீர துடைத்து" என்கிறது ஈகை அதிகாரத்தின் முதல் குறள். குறியெதிர்ப்பை என்றால் பக்கத்து வீட்டில் ஆழாக்கு அரிசி வாங்கி அதே ஆழாக்கால் அளந்து திருப்புவது. அளந்து வாங்கித் திருப்புவதை வள்ளுவர் பாவம் என்று சொல்லவில்லை. அதை ஈகை என்று அழைக்காதே என்கிறார், அவ்வளவுதான்.

உங்களை வாட்டுவது நோட்டில் எழுதாத மொய். தம்பிக்குக் கொடுத்தபோது வாயால் "இருக்கட்டும்டா, பார்த்துக்கலாம்" என்றிருப்பீர்கள். உள்ளே தேதி குறித்துக்கொண்டீர்கள். தம்பிக்கு அது உதவி, உங்களுக்கு அது கடன். இரண்டு பேரும் வேறு வேறு கணக்கில் இரண்டு வருடமாக வாழ்கிறீர்கள். பொங்கலுக்கு அவர் குழந்தைகளுக்குத் துணி எடுத்துத் தருகிறார், உங்களுக்கு அந்தத் துணியின் விலை கண்ணில் படுகிறது. அவர் புது பைக் வாங்கினால் வயிறு எரிகிறது. கணக்கு மறைந்திருப்பதால்தான் அது எல்லா இடத்திலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆபீசிலும் இப்படித்தான் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பிறந்தநாள் கேக்குக்கு யார் எவ்வளவு போட்டார்கள், யார் தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு நழுவினார்கள் என்று.

இதற்கு நான் சொல்கிற வைத்தியம், கணக்கு ஓட வழியே இல்லாத இடத்தில் சின்னதாகக் கொடுத்துப் பழகுவது. மணிக்கட்டுப் பயிற்சியின் அதே வரிசைதான், முதலில் கை, கடைசியில்தான் தாடை. தம்பி விவகாரம் தாடை. தெரியாதவருக்கு, திரும்பிப் பார்க்கப் போகாதவருக்கு, நன்றி சொல்ல முடியாதவருக்குக் கொடுப்பது மணிக்கட்டு.

பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள், ஆள் நெஞ்சு உயரத்துக்கு. தலைச்சுமையோடு சந்தைக்கு நடக்கிறவர், ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் இல்லாத நடுவழியில், குனியாமல் சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் குடும்பத்தார் நட்டவை பல. அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு துக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை அவர்கள், யாரென்றே தெரியாத எவரோ தோளை இறக்குவதற்கு ஓர் இடமாக மாற்றினார்கள். யார் எத்தனை முறை இளைப்பாறினார்கள் என்று அந்தக் கல்லில் கணக்கு ஏறாது. மாடு உடம்பைச் சொறிந்துகொள்ள நட்ட கல்லையும் அந்தக் காலத்தில் அறம் என்று பட்டியலில் சேர்த்தார்கள். மாடு வந்து நன்றி சொல்லாது.

வடலூரும் இந்த வகைதான். 1867-இல் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வந்து உட்காருகிறவரிடம் நீ யார், என்ன சாதி, ஏன் உழைத்துச் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பசி ஒன்றுதான் தகுதி. உங்களுக்கு என் யோசனை, ஒருநாள் அங்கே போய்ப் பணம் கட்டாதீர்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஓர் ஆய்வு. 2008-இல் எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வான்கூவரில் காலையில் மாணவர்கள் கையில் ஓர் உறையைக் கொடுத்தார்கள், உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். பாதிப் பேர் அதைத் தங்களுக்கே செலவழிக்க வேண்டும், பாதிப் பேர் அடுத்தவருக்கு. சாயங்காலம் கேட்டபோது அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அது சின்ன ஆய்வு. 2020-இல் 700-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து வேறு விதத்தில் மறுபடி சோதித்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது, ஆனால் விளைவு பெரிதல்ல. இதை வைத்து "கொடுத்தால் கவலையெல்லாம் பறந்துவிடும்" என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். இந்த வரிசை ஆய்வுகளில் எனக்குப் பயன்பட்டது வேறொன்று: தானாக விரும்பிக் கொடுக்கும்போதுதான் அந்தச் சந்தோஷம் வருகிறது. ரசீதுப் புத்தகத்தோடு நாலு பேர் வாசலில் நின்று வாங்கிப்போவதில் கிடையாது.

ஆகவே மாதம் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் வலிக்காத தொகை, 500 ரூபாய் ஆனாலும் சரி. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்பதைக் கை இறுகியவர்கள் சாக்காகச் சொல்வார்கள், ஆனால் உங்களைப் போன்றவருக்கு அதுதான் பாதுகாப்பு. மாதத் தொடக்கத்திலேயே அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்று முடிவாகிவிட்டால், கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பேரம் நடக்காது. கணக்கர் புத்திக்கும் திருப்தி, ஒரு தலைப்பில் எழுதிவிட்டதல்லவா.

பணம் ஒரு பக்கம்தான். பாலி மொழிப் பௌத்த நூல்கள் ஐந்து விதமான உலோபத்தை, அதாவது கஞ்சத்தனத்தை, சொல்கின்றன. இருக்கிற இடத்தில் உலோபம், நமக்கு வேண்டிய குடும்பங்கள் மேல் உலோபம், கிடைக்கிற லாபத்தில், புகழில், கற்ற அறத்தில். முதல் தடவை படித்தபோது புகழில் உலோபம் என்பதில்தான் நான் நின்றேன். அடுத்தவருக்குச் சேர வேண்டிய நல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுவது. ஆபீசில் கூட வேலை செய்கிறவன் நல்ல அறிக்கை தயாரித்திருக்கிறான், எல்லாருக்கும் தெரிகிறது, நாம் மட்டும் "பரவாயில்ல" என்போம். சொன்னால் பைசா செலவில்லை, ஆனாலும் வராது. அறிவில் உலோபமும் அப்படித்தான். இருபது வருட அனுபவமுள்ள கணக்கர், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அந்த ஒரு ஃபார்முலாவைச் சொல்லித்தர மாட்டார். "போகப் போகத் தெரியும்மா" என்பார். எத்தனை கைமருந்து இப்படி வைத்தியரோடேயே சுடுகாட்டுக்குப் போயிருக்கும்! இடத்தில் உலோபம் பார்க்க வேண்டுமா, ரயிலில் நாம் முதலில் உட்கார்ந்த பெட்டிக்குள் அடுத்த ஸ்டேஷனில் ஆள் ஏறும்போது நம் முகத்தைப் பாருங்கள்.

இந்த வாரம் ஒருவரைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில், அவரை உயர்த்துவதற்கு வல்ல ஓர் ஆளிடம், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவருக்குத் தெரியவே வேண்டாம். 500 ரூபாயைவிட இதற்கு உங்களுக்கு அதிகம் வியர்க்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

வடலூர்ப் பந்திக்கு வருகிறேன். கணக்கு ஓடுகிறவருக்குக் கொடுப்பதைவிடக் கஷ்டம் வாங்குவது. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தனுப்பினால், பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவது நம் வழக்கம். அழகான வழக்கம்தான். ஆனால் சிலர் அன்று சாயங்காலத்துக்குள் பாத்திரம் நிறைய எதையாவது செய்து திருப்பிவிடுவார்கள். அதில் அன்பைவிடப் பதற்றம்தான் அதிகம், யாருக்கும் கடன்பட்டு ஓர் இரவுகூடத் தூங்க முடியாது என்ற பதற்றம். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் அந்தப் பாத்திரம் ஒரு வாரம் உங்கள் சமையலறையில் இருக்கட்டும். யாராவது டீக்குக் காசு கொடுக்க வந்தால் சட்டைப் பையைத் துழாவாமல் "நன்றி" என்று குடித்துவிட்டு வாருங்கள். வாங்கத் தெரியாதவர் கொடுக்கும்போது, வாங்குகிறவர் கூசிப்போவது அவருக்குத் தெரியாது. தன் கை எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்பதும் ஒரு பிடிதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பார்கள், எல்லார் கல்யாண வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள், ஊரே தாராளப் பிரபு என்று சொல்லும். தோளைத் தொட்டுப் பார்த்தால் உங்களுடையதைவிடக் கல். "இல்லை" என்று சொல்ல முடியாமல் கொடுக்கிறவர்கள் அவர்கள். அவர்களை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள். மனசைத் திறந்து வைப்பதென்றால் வாசலில் ஆளே இல்லாமல் விடுவதல்ல. கொடுக்க முடியாதபோது "இப்ப என்னால முடியாதுப்பா" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். காரணமாகப் பொய் சேர்க்க வேண்டாம். எஃப்.டி. உடைக்க முடியவில்லை, மனைவி சம்மதிக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால், அதைக் காப்பாற்ற அடுத்த ஆறு மாதம் உஷாராக இருக்க வேண்டும். உஷார் என்பது தசையில்தான் தங்கும்.

தம்பி விவகாரத்துக்கு முன் ஒரு புறநானூற்றுப் பாட்டைச் சொல்லியாக வேண்டும், 163-ஆவது. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குமணன் என்ற வள்ளலிடம் பரிசில் பெற்று வீட்டுக்கு வருகிறார். வறுமை பிடுங்கித் தின்ற வீடு. மனைவியிடம், உன்னை விரும்பி இருப்பவர்களுக்கும் நீ விரும்புகிறவர்களுக்கும் உன் சுற்றத்தாருக்கும் கொடு, நம் கடும்பசி தீர உனக்குக் கடன் தந்தவர்களுக்கும் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, "என்னொடும் சூழாது" கொடு என்கிறார். என்னிடம்கூடக் கேட்காதே, சிக்கனமாக வைத்து வாழ்வோம் என்று நினைக்காதே என்று. கேட்கவே மனசு விரிகிற பாட்டு. ஆனால் கவனியுங்கள், தாராளத்தின் உச்சத்தில் நிற்கிற அந்த மனுஷனுக்குக் கடன் கொடுத்தவர்கள் மறந்துபோகவில்லை. வாங்கியதைத் திருப்புவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடனைக் கடனாக நினைப்பது சின்னப் புத்தி என்று நீங்கள் கூச வேண்டியதில்லை.

ஆகவே தம்பியின் 60,000-க்கு இரண்டு வழிதான். கேட்டு வாங்குவது, இல்லை கொடுத்துவிடுவது. இரண்டு வருடமாக நீங்கள் நிற்கிற மூன்றாவது இடத்தில்தான் வலி.

எது என்று முடிவு செய்ய ஒரு சோதனை. அடுத்த தடவை அம்மா வைத்தியச் செலவைப் பங்கு போடும்போது தம்பியோடு வார்த்தை தடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் "உனக்குக் கொடுத்ததையே நான் கேட்கல" என்று உங்கள் வாயில் வருமா? வரும் என்றால் விட்டுக்கொடுக்க நீங்கள் இன்னும் தயாராகவில்லை. பெருந்தன்மை காட்டாதீர்கள், பணத்தைக் கேளுங்கள். வராது என்று உறுதியாகத் தோன்றினால் கொடுத்துவிடுங்கள். பாதி வரும் என்றால் பாதியைக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை.

கொடுத்துவிடுவது என்றால் முதலில் மனைவியிடம் பேசுங்கள், அது அவர் வீட்டுப் பணமும்தான். பிறகு தம்பியிடம் தனியாக, ஒரே ஒரு தடவை, "அந்த அறுபதாயிரத்தைத் திருப்ப வேண்டாம், அந்தக் கணக்கு முடிஞ்சுது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மனசுக்குள் மன்னித்துவிட்டேன் என்பது செல்லாது. அவருக்கும் அது ஒரு சுமையாக இருந்திருக்கும். அப்பா அம்மா முன்னால் சொல்லாதீர்கள், பண்டிகை நாளில் சொல்லாதீர்கள்.

கேட்பது என்றால் சுற்றி வளைக்காமல், "தம்பி, எனக்கு அந்தப் பணம் தேவைப்படுது. மாசம் மூவாயிரமா அனுப்ப முடியுமா, இருபது மாசத்துல முடிஞ்சிடும்" என்று கேளுங்கள். எனக்கு ஏன் தேவை என்று நீளமாக விளக்காதீர்கள், பைக்கைப் பற்றிப் பேசாதீர்கள். சட்டம் ஒன்றும் தெரிந்திருக்கட்டும். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. அதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். அண்ணன் தம்பிக்குள் யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இதைத் தள்ளிப்போடாமல் இந்த வருடத்திலேயே பேசி முடிக்க அது ஒரு நல்ல காரணம்.

அவர் முடியாது என்று சொல்லலாம். கோபப்படலாம். "அண்ணன் உதவிதான் பண்ணினார்னு நினைச்சேன்" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு, அதில் நியாயமும் கொஞ்சம் இருக்கும். பதிலுக்கு எதையும் நிரூபிக்காதீர்கள். "யோசிச்சுச் சொல்லுடா, அடுத்த மாசம் பேசலாம்" என்று வைத்துவிடுங்கள். பணம் வருகிறதோ இல்லையோ, அடுத்த முறை அவர் கேட்டு வந்தால் அதைக் கடனாகக் கொடுப்பதா, கையில் வைத்து அழுத்திவிட்டு மறந்துவிடுவதா, இல்லை என்று சொல்வதா என்பதை அவர் வாசலில் நிற்கும்போதே உங்களால் சொல்லிவிட முடியும்.